முதலில் கேமரா, அப்புறம் பிரஷ்

தேவிகுளம்,
தை மாதம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ராத்திரி உறைபனி விழுந்து, காலையில் புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பள்ளத்துக் காடுகளில் தேயிலைக் கொழுந்து கருகிப்போனதால் எஸ்டேட்டில் எல்லோருக்கும் முகம் சரியில்லை. உங்கள் ஊர்க் குளிரோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு குளிரா என்று நீ சிரிப்பாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பிட்ஸ்பர்க்கில் நீங்கள் புதிதாக வாங்கிய பழைய வீட்டின் சிம்னிக்காக, அதுதான் புகைபோக்கிக்காக, நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் பார்த்தேன். ஒருவன் 89 டாலருக்குச் சிம்னியைச் சுத்தம் செய்து, பரிசோதனையும் இலவசம் என்கிறான். இன்னொருவர் 425 டாலர் கேட்கிறார். உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பதும் அதில் சேர்த்தி. உன் அம்மா 425-ஐ ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். டாலரில் சம்பாதிக்கிறவர்களுக்கு டாலர் கணக்குதான் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

425 கேட்கிறவரைக் கூப்பிடு. அவர் பார்த்துச் சொல்லும் வரை அந்தக் கணப்பு அடுப்பில் ஒரு குச்சிகூடக் கொளுத்த வேண்டாம். பனி விழும்போது தீ மூட்டிப் படம் எடுத்துப் போட வேண்டும் என்று உனக்கு ஆசை இருப்பது தெரியும். இருந்தாலும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வீடு 1912-ல் கட்டியது என்று பத்திரத்தில் இருப்பதாகச் சொன்னாய். பிட்ஸ்பர்க்கில் அந்தக் காலத்து வீடென்றால் நிலக்கரி எரித்த வீடு. ஊரே கரும்புகையில் மூழ்கிக் கிடந்து, 1941-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் அதை முழுசாக அமல்படுத்த முடிந்தது. அப்புறம் வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக கேஸுக்கு மாறின. ஆக, உன் சிம்னி முதலில் நிலக்கரிப் புகையைக் குடித்தது, பிறகு கேஸ் புகையைக் குடித்தது, இப்போது நீ விறகுப் புகையைக் கொடுக்கப் போகிறாய். நிலக்கரிப் புகைக்கரியில் கந்தகம் உண்டு. மழைத் தண்ணீர் இறங்கி அதோடு சேர்ந்தால் அமிலமாகிச் சாந்தை அரித்துவிடும். உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்று கீழே நின்று டார்ச் அடித்துப் பார்ப்பவனுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. சிம்னிக்கு உள்ளே சுட்ட மண்குழாய் இறக்கிக் கட்டுவது அந்த நாட்டில் பிற்பாடுதான் பரவலான விதியாக வந்தது. அதற்கு முந்தைய சிம்னிகளில் பெரும்பாலும் வெறும் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும்தான். சாந்து உதிர்ந்தால் செங்கலுக்குச் செங்கல் இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியே சூடும் புகையும் சுவருக்குள் போகும். உங்கள் சுவருக்குள் இருப்பது நூறு வருஷம் காய்ந்த மரச்சட்டம்.

விறகுப் புகை எப்படிக் கேடு செய்யும் என்று உனக்குத் தெரிந்திருக்கும், பங்களாக் கொத்து வேலைக்கு என்னோடு வந்தபோது பார்த்திருக்கிறாய். கிராண்டிஸ் யூகலிப்டஸ் விறகைக் காயவைக்காமல் பச்சையாகப் போட்டுவிட்டுப் புகைகிறதே என்று என்னைக் கூப்பிடுவார்கள். ஈர விறகின் புகையில் சூடு இருக்காது. மேலே போகப் போகக் குளிர்ந்து, சுவரில் கறுப்பாகப் படிந்துவிடும். கிரியோசோட் என்கிறார்கள். முதலில் அது பொடியாக இருக்கும், பிரஷ் போட்டால் உதிரும். கவனிக்காமல் விட்டால் செதில் செதிலாகும். அதையும் விட்டால் கண்ணாடி பூசியது போலப் பளபளவென்று இறுகிவிடும்; அந்த நிலையில் சாதாரண பிரஷ்ஷுக்கு அசையாது, மருந்தோ தனி மெஷினோ வேண்டும், கூலியும் தனி. இந்தப் படிவுதான் ஒருநாள் தீப்பிடிப்பது. பிடித்தால் உள்ளே ஆயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டும். 3 மில்லிமீட்டர், அதாவது அவர்கள் கணக்கில் எட்டில் ஒரு அங்குலம், கரி படிந்தாலே சுத்தம் செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

உன் தம்பி நெட்டில் தேடி எடுத்துத் தந்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். என்.எஃப்.பி.ஏ. 211 என்று ஒரு தீப்பாதுகாப்பு விதி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது சிம்னியைப் பார்க்கச் சொல்கிறது. பரிசோதனையை மூன்று லெவலாகப் பிரித்திருக்கிறார்கள். லெவல் 1 என்றால் கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதைப் பார்ப்பது. ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற, மாற்றம் எதுவும் செய்யாத சிம்னிக்கு அது போதும். லெவல் 2-ல் கேமராவை உள்ளே இறக்கி அடி முதல் நுனி வரை பார்ப்பார்கள், பரணிலும் அடித்தளத்திலும் நுழைந்து பார்ப்பார்கள். வீடு கைமாறும்போதும், எரிபொருளோ அடுப்போ மாறும்போதும், உள்ளே தீப்பிடித்திருந்தாலும் லெவல் 2 செய்தாக வேண்டும் என்கிறது அந்த விதி. நீங்கள் இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள், விறகும் எரிக்கப் போகிறீர்கள். இரண்டு காரணம் ஆகிவிட்டது. வீடு வாங்கும்போது வந்த இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டாரே என்று மாப்பிள்ளை கேட்டாராம். அவர் வெளியே தெரிவதைத்தான் பார்ப்பார். சிம்னிக்குத் தனி ஆளை வைத்துப் பாருங்கள் என்று அவரே ரிப்போர்ட்டின் கடைசியில் எழுதியிருக்கிறார், எடுத்துப் படிக்கச் சொல். லெவல் 3 என்பது சுவரையோ சிம்னியையோ கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது. அது ஆயிரக்கணக்கில் போகும். லெவல் 2-ல் பெரிய சந்தேகம் வந்தால் மட்டும்தான்.

பணக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் சுமாராகச் சொல்லிவிடலாம். சுத்தம் செய்து லெவல் 1 பார்ப்பதற்கு 150 முதல் 350 டாலர் வரை ஆகும். கேமரா வைத்து லெவல் 2 என்றால் 200 முதல் 600 வரை, கூரை செங்குத்தாகவோ மூன்று மாடி உயரமாகவோ இருந்தால் அதற்கு மேலும் கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் 425 நியாயமான கூலிதான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பழைய வீட்டில் வெளியே ஒரே சிம்னியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு மூன்று வழி தனித்தனியாக ஓடும்: கணப்புக்கு ஒன்று, கீழே இருக்கிற கேஸ் சாதனங்களுக்கு ஒன்று, மாடியில் எப்போதோ அடைத்த கணப்புக்கு ஒன்று. பலர் ஒவ்வொரு வழிக்கும் தனியாக எண்ணிக் காசு வாங்குவார்கள். 425 என்பது ஒரு வழிக்கா, எல்லாவற்றுக்குமா என்று முதலிலேயே பேசி எழுத்தில் வாங்கிவிடு.

89 டாலர்காரனுக்கு இப்போது வருகிறேன். ஒரு வண்டி, இரண்டு ஆள், ஏணி, வேக்குவம் மெஷின், இன்சூரன்ஸ், பெட்ரோல். இவ்வளவையும் 89 டாலரில் எவனும் ஓட்ட முடியாது. அவன் சம்பாத்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. வந்து பிரஷ்ஷை இரண்டு இழுப்பு இழுப்பான், அப்புறம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உள்ளே எல்லாம் வெடித்திருக்கிறது, இன்றைக்கே குழாய் இறக்காவிட்டால் வீடு போய்விடும், 5,000 டாலர் ஆகும் என்பான். எல்லாரையும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் இது அந்த ஊரில் பழக்கமான தந்திரம். இதில் வேடிக்கை என்னவென்றால், 1912 வீட்டில் அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். உண்மையா பொய்யா என்று தெரிய உன் கையில் வீடியோ வேண்டும். உன் சிம்னியின் வீடியோதானா என்பதும் தெரிய வேண்டும். கேமரா உள்ளே போகும்போதே பக்கத்தில் நின்று திரையைப் பார்.

குழாய் இறக்கத்தான் வேண்டும் என்றால் பயப்படாதே. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்க 1,500 முதல் 5,000 டாலர் வரை ஆகும், உயரத்தையும் வளைவையும் பொறுத்து இன்னும் ஏறும். அந்தத் தொகை வந்தால் இரண்டாவது ஆளிடம் அதே வீடியோவைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கூடுதலாக ஒரு இருநூறு முந்நூறு போனாலும் போகட்டும்.

வாட்டர் ஹீட்டர் விஷயத்தையும் கேட்டுவிடு. முன்பிருந்தவர்கள் வீட்டைச் சூடாக்கப் புது பர்னஸ் வைத்து அதன் புகையைப் பிளாஸ்டிக் குழாயில் பக்கச் சுவர் வழியே வெளியே விட்டிருப்பதைப் போட்டோவில் பார்த்தேன். அப்படியானால் கேஸ் வாட்டர் ஹீட்டர் ஒன்று மட்டும் அந்தப் பெரிய பழைய சிம்னியில் தனியாக ஊதிக்கொண்டிருக்கிறது. அதன் சிறு சூட்டுக்கு அவ்வளவு பெரிய வழி சூடேறாது. புகை மேலே போகாமல் திரும்பி வீட்டுக்குள் இறங்கலாம். நீராவி உள்ளே படிந்து செங்கலை ஊறவைக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அதற்கான அலாரம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று இன்றைக்கே வாங்கி மாட்டு. இதற்கு மட்டும் சிம்னிக்காரர் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். கூரைக்கு மேலே நிற்கிற செங்கலில் சாந்து உதிர்ந்திருந்தால் பாயிண்டிங், அதாவது இடுக்கில் புதுச் சாந்து வைத்துப் பூசுவது, செய்யச் சொல்வார்கள். அது ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு டாலர் வரை போகும் வேலை. விலையை விடு, என்ன சாந்து போடுகிறாய் என்று கேள். 1912 செங்கல் பெரும்பாலும் மென்மையானது, சுண்ணாம்பில் கட்டியது. இப்போதைய கொத்தனார் சட்டென்று வீரியமான சிமெண்டுக் கலவையை அப்பிவிடுவார். பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனால் சிமெண்டு வழியே ஈரம் எளிதில் வெளியேறாது, செங்கல் வழியேதான் வெளியேற வேண்டும். உங்கள் ஊரில் தண்ணீர் உறைவதும் உருகுவதும் குளிர்காலம் முழுக்க நடக்கும். உறையும் தண்ணீர் பெருத்துச் செங்கலின் முகத்தைப் பெயர்த்துக் கீழே தள்ளிவிடும். சாந்து போனால் மறுபடி பூசலாம், செங்கல் முகம் போனால் போனதுதான். பழைய கட்டடங்களுக்கு அமெரிக்காவின் தேசியப் பூங்காத் துறை வெளியிட்ட கையேடும் இதையேதான் சொல்கிறது: புதுச் சாந்து செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும். துரைமார் காலத்துப் பங்களா சுவரைப் பிரித்தபோதெல்லாம் நான் பார்த்தது இதுதான். சுண்ணாம்பில் கட்டிய பகுதி அப்படியே நிற்கும், பிற்பாடு யாரோ சிமெண்டு வைத்து ஒட்டுப் போட்ட இடம்தான் வாய் பிளந்திருக்கும். நம் பக்கம் கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்தவர்கள் முட்டாள்கள் இல்லை.

சிம்னி உச்சியில் மூடி இல்லை என்பதும் போட்டோவில் தெரிகிறது. வலைபோட்ட ஸ்டீல் மூடி 150 முதல் 500 டாலருக்குள் மாட்டிவிடலாம். மழையும் அணிலும் உள்ளே இறங்காது. இதில் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடு.

ஆனால் போடுவதற்கு முன் ஒரு பறவையை விசாரிக்க வேண்டும். அங்கே சிம்னி ஸ்விஃப்ட் என்று ஒன்று உண்டு, நம் உழவாரக் குருவி ஜாதி. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில் கழித்துவிட்டு வசந்தத்தில் வந்து, பழைய செங்கல் சிம்னிக்குள் எச்சிலால் குச்சியை ஒட்டிக் கூடு கட்டும். 1918-ல் போட்ட வலசைப் பறவைச் சட்டப்படி முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைத் தொடக் கூடாது. கோடையில் யாராவது வந்து கூட்டை இடித்துத் தள்ளுகிறேன் என்றால் விடாதே. அதனால் பெரிய வேலை எதுவானாலும் பறவை வருவதற்கு முன், மார்ச்சிலேயே முடித்துக்கொள்வது நல்லது. செப்டம்பரிலிருந்து எல்லோரும் சிம்னிக்காரரைத் தேடுவார்கள், தேதியே கிடைக்காது.

மாப்பிள்ளை பிரஷ் வாங்கித் தானே செய்துவிடலாம் என்று சொன்னதாக அம்மா சொன்னாள். அவருக்குக் கை சும்மா இருக்காது, நல்ல குணம்தான். ஆனால் பனி படிந்த கூரையில் ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். கரி சாதாரணத் தூசியும் இல்லை. லண்டனில் சிம்னிக்குள் ஏறி இறங்கிய பையன்களுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய் கரியால் வந்தது என்று 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதிவைத்துவிட்டார். மாப்பிள்ளைக்கு வேலை வேண்டுமென்றால் விறகு பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக அடுக்கி வைக்கட்டும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர ஒரு வருஷம்கூட ஆகலாம். ஈரம் பார்க்கிற மீட்டர் சின்னதாகக் கடையில் கிடைக்குமாம், அதை வாங்கிக் கொடு, சந்தோஷப்படுவார்.

425-காரரிடம் போனில் மூன்று கேள்வி கேள். சிம்னித் தொழில் செய்கிறவர்களுக்கு அங்கே கொடுக்கிற சி.எஸ்.ஐ.ஏ. சான்றிதழ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா, வீடியோவும் எழுத்து ரிப்போர்ட்டும் என் கையில் தருவீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் தேதி வாங்கு. ரசீதை வீட்டுப் பத்திரத்தோடு வை, பின்னால் இன்சூரன்ஸுக்கும் விற்பதற்கும் ஆகும்.

வீடியோ வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, உன் தம்பி டிவியில் போட்டுக் காட்டுகிறேன் என்றிருக்கிறான். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று கூரைக்கு மேலே இருக்கிற செங்கலை நாலு பக்கமும் போட்டோ எடுத்தும் அனுப்பு. அம்மா மிளகும் காய்ந்த ஏலக்காயும் கட்டி வைத்திருக்கிறாள், பார்சல் போடுவதா, யாராவது வந்தால் கொடுத்தனுப்புவதா என்று பதிலில் சொல்.

இப்படிக்கு,
அப்பா