ஆறு நிமிடம் பறந்த மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து கொட்டித் தீர்த்ததை எல்லாம் உன் அம்மா எனக்கு வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டாள். காலை எட்டு மணிக்குத் திடலுக்குப் போய் மாலை ஐந்து வரை நின்றிருக்கிறாய். எஞ்சின் இல்லாத அந்தக் கிளைடரைத் தள்ளினாய், இறக்கை நுனியைப் பிடித்தாய், மழைக்கு ஒதுங்கினாய். பறந்ததோ இரண்டே தடவை, தடவைக்கு ஆறு நிமிடம். "இதற்குப் பெயர் பறக்கக் கற்றுக்கொடுக்கும் இடமா?" என்று கேட்டாயாம்.

கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு தவறு.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1941 பிப்ரவரியில், பிரிட்டனில் பையன்களைக் கேடட்டுகளாகச் சேர்த்து விமானப்படைக்குப் பழக்கும் உங்கள் ஏர் டிரெயினிங் கோர் தொடங்கியது. விமானப்படைக்கு ஆள் வேண்டும்; பதினாறு வயதுப் பையன்களுக்கு ஒதுக்கப் பெட்ரோலும் கிடையாது, விமானமும் கிடையாது. யார்க்ஷரில் ஸ்லிங்ஸ்பியின் தொழிற்சாலை மரத்தாலும் துணியாலும் கிளைடர் செய்துகொண்டிருந்தது. எதிரி விமானங்களைத் தடுக்க வானில் பறக்கவிட்ட பெரிய பலூன்களுக்கென்று செய்த வின்ச்சுகள், அதாவது கேபிளைச் சுருட்டி இழுக்கும் இயந்திரங்கள், இருந்தன. கிளைடரை மேலே இழுக்க அவையே போதும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. போர் முடிந்தபோது நாடெங்கும் 80-க்கும் மேற்பட்ட கிளைடர் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன.

அவற்றில் எப்படிக் கற்றார்கள் தெரியுமா? கிளைடரில் ஒரே இருக்கை. பயிற்றுநர் தரையில் நின்று கத்துவார். முதலில் புல்லின் மேல் சறுக்க வேண்டும். அது கைவந்தால் சில அடி எழும்பி நேரே இறங்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் உயரம். முதல் தடவை தரையை விட்டுக் கிளம்பும்போதே பையன் தனியாள்! உன் அம்மா அந்தக் காலத்தில் இருந்திருந்தால் உன்னை வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டாள். அத்தனை பாடும் பட்டு அவர்கள் வாங்கிய 'ஏ' சான்றிதழுக்கு எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்? 30 நொடி. உன் ஆறு நிமிடத்தில் பன்னிரண்டு பேர் தேறிவிடலாம்.

பின்னர் இரட்டை இருக்கைக் கிளைடர்கள் வந்தன. எனக்குப் பிடித்தது செட்பர். மேலே மூடியில்லாத அறை, அருகருகே இரண்டு இருக்கை; சரக்குப் படகு என்று செல்லமாகக் கேலி செய்வார்கள். கத்த வேண்டிய பயிற்றுநர் அதில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார். பெரிய மாற்றம் என்றால் அதுதான். நீ பறக்கும் வைக்கிங் கிளைடர் 1980களில் கண்ணாடியிழை உடம்போடு வந்ததெல்லாம் அதற்கு அடுத்ததுதான் என்பேன்.

லண்டனுக்குத் தெற்கே நான் வழக்கமாக நடக்கப் போகும் கென்லி திடலையும் சொல்ல வேண்டும். 1940 ஆகஸ்ட் 18 அன்று ஜெர்மானியர் தாழப் பறந்து வந்து குண்டு வீசிய இடம். அன்று அங்கிருந்த போர் விமான அணிகளில் ஒன்றின் எண் 615. சர்ச்சில் அதன் கௌரவத் தளபதி. 1955இல் கேடட் பள்ளிகளை ஒழுங்குபடுத்தி 600 வரிசையில் எண்களைத் தந்தபோது கென்லிப் பள்ளி 615 ஆனது. குண்டுக்கு விமானங்களை மறைத்த மண் அணைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் அருகே நாயை நடத்திப் போகிறவர்கள், தலைக்கு மேல் கிளைடர் எழுந்தால் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள். நானும்தான்.

அங்கே நின்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஏறிப் பறக்க, இறக்கையைப் பிடிக்க ஒருவர், வானம் காலியா என்று பார்க்க ஒருவர், விளக்குச் சைகை காட்ட ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், விழுந்த கேபிளை வண்டியில் இழுத்துவர ஒருவர். திடலின் மறுகோடியில் வின்ச்சில் ஒருவர். உன் கிளைடரின் மூக்கு எவ்வளவு நிமிர்கிறது என்று பார்த்தே இழுவிசையைக் கூட்டுவார், குறைப்பார். இவர்களில் பலருக்கு வாரநாள்களில் வேறு வேலை. சிலர் உன்னைப் போல நுனி பிடித்துத் தொடங்கிய கேடட்டுகள்.

2014 ஏப்ரலில் கேடட் கிளைடர்கள் எல்லாம் தரையிறக்கப்பட்டன. பறக்கத் தகுதியானவை என்பதற்கான பராமரிப்புப் பதிவுகளில் கோளாறு. 2016இல் மீட்புத் திட்டம் வந்தபோது பாதிக்கு மேற்பட்ட கிளைடர் பயிற்சி அணிகள் மூடப்பட்டன. வைக்கிங்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்து மீட்டார்கள். மோட்டார் வைத்த விஜிலண்ட்டுகள் 2018இல் ஓய்வுபெற்றன. விமானத்தைப் பட்டறையில் வைத்துப் பழுதுபார்க்கலாம். பல ஞாயிறுகள் திடலுக்கு வர வேலையில்லாமல் வீட்டில் இருந்துவிட்ட ஒரு பயிற்றுநரை எந்தப் பட்டறையில் வைப்பது? நீ ஒன்பது மணி நேரம் காத்திருந்தாய் என்கிறாயே, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கும் அந்த ஒன்பது மணி நேரம்தான் அன்று அறுந்துபோனது.

இத்துடன் ஒரு சோடித் தோல் கையுறை அனுப்பியிருக்கிறேன். நனைந்தால் ஹீட்டர் மேல் போடாதே, சுருங்கிவிடும். அடுத்த ஞாயிறு உன்னை மேலே இழுத்த வின்ச்சில் யார் இருந்தார் என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா