சேவலுக்குப் பரிசு கொடுக்கும்போது பெட்டையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் கிளிமூக்கு விசிறிவால் சேவல் கண்காட்சி பற்றிப் படத்தோடு வந்த செய்தியை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். திண்டுக்கல் பக்கத்தில் 18 வருடமாக இந்தக் கோழியை வளர்க்கிறவன் நான், நம் கோழிக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்தீர்களே என்று மனம் நிறைந்துவிட்டது. ஆனால் செய்தி முழுக்கச் சேவல்தான். மூக்கு எப்படி வளைந்திருந்தது, வால் எவ்வளவு நீளம், யார் எத்தனை லட்சத்துக்குக் கேட்டார்கள், அவ்வளவோடு முடிந்துவிட்டது. நிருபரைக் குறை சொல்லவில்லை, நான் போன கண்காட்சிகளிலும் இதேதான் நடக்கிறது. அந்தச் சேவலைப் பெற்ற பெட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் வழியில் வந்த கோழி. மூக்கு குட்டையாக, தடிப்பாக, கிளிக்கு இருப்பதுபோல வளைந்து இறங்கும். தலையில் பூ, அதாவது கொண்டை, பெரிதாக நிற்காமல் ஒட்டி உட்கார்ந்திருக்கும், கண் முத்துப்போல வெளுத்திருக்கும், இறகு உடம்போடு இறுகிக் கிடக்கும், வால் பின்னால் கிடைமட்டமாக நீண்டு விசிறிபோல விரியும். கீரி, மயில், காகம் என்று நிறத்துக்கு நிறம் பெயர் வைத்திருக்கிறோம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஏறக்குறைய 1,500 வருடத்துக்கு முந்தைய நடுகல் ஒன்றில் சேவலைச் செதுக்கி, இன்ன சேரியின் கோழி என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். மனிதனுக்குக் கல் நட்டதுபோலச் சண்டைக் கோழிக்கும் கல் நட்ட ஊர் இது. இன்றைக்கு விலங்குகளை மோதவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அது குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். கத்தி கட்டாமல், ரத்தம் சிந்தாமல், இந்த இனத்தை அழகுக்காகவே காப்பாற்ற நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி கண்காட்சி. அதனால்தான் அது சரியாக நடக்க வேண்டும் என்று இவ்வளவு கவலைப்படுகிறேன்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 7 வருடத்துக்கு முன்னால் ஒரு கண்காட்சியில் மூக்குக்காகவே பரிசு வாங்கிய ஒரு சேவலின் பிள்ளைகளில் ஒரு பட்டாவையும் (இளஞ்சேவல்) இரண்டு வெடைகளையும் (இளம்பெட்டை) வாங்கி வந்தேன், மூன்றும் ஒரே ஈட்டுக் குஞ்சுகள், அதாவது ஒரே அடையில் பொரித்தவை. விற்றவர் ஒன்றுவிடாமல் மூக்கைக் காட்டினார், நானும் மூக்கைத்தான் பார்த்தேன். அண்ணன் தங்கையைச் சேர்த்தால் மூக்கு இன்னும் வளையும் என்று அவர் சொன்னதை நம்பிச் சேர்த்தும்விட்டேன். முதல் ஈட்டில் 11 முட்டை வைத்து 5 தான் பொரித்தது. மூன்று குஞ்சுகளுக்கு வளர வளர மேல் மூக்கு ஒரு பக்கமும் கீழ் மூக்கு ஒரு பக்கமும் விலகிப் போனது. தரையில் கிடக்கும் கம்புத் தானியத்தை அவற்றால் கொத்தி எடுக்க முடியவில்லை. கொத்தும், நழுவும், மறுபடி கொத்தும். ஆழமான கிண்ணத்தில் ஈரத் தீவனம் வைத்து வளர்த்துப் பார்த்தேன், இரண்டு செத்துப்போயின. பசித்த குஞ்சு கண்முன்னால் தானியம் கிடந்தும் தின்ன முடியாமல் நிற்பதைப் பார்த்தவனுக்கு அப்புறம் மூக்கை மட்டும் பார்த்துக் கோழி வாங்க மனம் வராது. குறுக்கு மூக்கு வருவதற்கு அடைகாக்கும்போது நேரும் கோளாறு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் மூக்கின் வளைவு ஒன்றையே தேடித் தேடி நெருங்கிய ரத்தத்தில் சேர்த்துக்கொண்டே போனால் இதற்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.

சரி, பெட்டைக்கு வருகிறேன். பிறக்கிற சேவலின் மூக்கிலும் வாலிலும் எலும்பிலும் பாதி தாய் கொடுத்தது. ஆனால் பெட்டைக்கு அந்த வால் வளராது, மூக்கும் சேவல் அளவுக்குத் தடிக்காது, அதனால் அவளைப் பார்த்து மட்டும் அவளுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. அவள் பெற்ற ஆண் குஞ்சுகள் வளர்ந்து வால் இறங்கிய பிறகுதான் தெரியும், அசில் வழிக்கோழி மெதுவாக வளர்கிற சாதி, அதற்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகிவிடும். அதற்குள் அவளைச் சந்தையில் விற்றுவிட்டால் போனது போனதுதான். நான் ஒரு நல்ல பெட்டையை அப்படித்தான் இழந்தேன், அவள் மகன்கள் இறகு மாற்றி வால் விட்ட பிறகுதான் அவள் அருமை தெரிந்தது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நான்கு பெட்டையை ஒன்றாக விட்டுவிட்டு எல்லா முட்டையையும் ஒரே கூடையில் அள்ளினால் எந்தக் குஞ்சு யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பெட்டைகளைத் தனித்தனிக் கூண்டில் முட்டையிட வைத்து, முட்டையின் மேல் பெட்டையின் அடையாளத்தையும் தேதியையும் பென்சிலால் எழுத வேண்டும். வேறு சேவலோடு மாற்றிச் சேர்ப்பதானால் பெட்டையை மூன்று வாரம் தனியே வைத்திருங்கள், பழைய சேவலின் விந்து அவள் உடம்பில் இரண்டு மூன்று வாரம்கூடத் தங்கும், இது தெரியாமல் எத்தனையோ பேர் பிறக்கிற குஞ்சுக்குத் தப்பான தகப்பனைச் சொல்கிறார்கள். பொரிக்கும் நேரத்தில் ஒவ்வொரு பெட்டையின் முட்டைகளையும் தனித்தனி வலைப்பையிலோ தடுப்பிலோ வைக்க வேண்டும். பொரித்து ஈரம் காய்ந்ததும் குஞ்சின் கால்விரல் இடைத்தோலில் சின்னத் துளை. ஒரு காலுக்கு இரண்டு இடைத்தோல், இரண்டு காலுக்கும் சேர்த்து நான்கு, எங்கே துளை எங்கே இல்லை என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 அடையாளம் கிடைக்கும். ஒரு வீட்டுக் கோழிப்பட்டிக்கு அது தாராளம். மகளைத் தகப்பனோடும், மகனைத் தாயோடும் யோசித்து ஒருமுறை சேர்க்கலாம், அண்ணன் தங்கையை வேண்டவே வேண்டாம். 30 குஞ்சு பொரித்தால் இனத்துக்கு நிறுத்துவது இரண்டோ மூன்றோதான், மற்றவை குழம்புக்கும் சந்தைக்கும் போகும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அடை வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கோழி நிறைய முட்டை விடாது, ஆனால் அடையில் உட்கார்ந்தால் எழுப்ப முடியாது, குஞ்சைப் பருந்திடமிருந்து காப்பதில் இவளுக்கு நிகர் இல்லை. எங்கள் அப்பத்தா கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைத்துத்தான் முட்டை அடுக்குவார், இடிக்கு முட்டை கெடக் கூடாது என்று. இடிக்கு அது என்ன செய்யுமோ, அடை வைத்த நாளை விரலில் எண்ணி 7-ம் நாள் இருட்டறையில் விளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்து, கரு இல்லாததை எடுத்துவிடுவாரே, அந்தக் கவனம்தான் 21-ம் நாள் கூடை நிறையக் குஞ்சாக வந்தது. இன்றைக்கு நிறையப் பேர் இன்குபேட்டருக்குப் போய்விட்டோம், என்னிடமும் ஒன்று இருக்கிறது. வெப்பம் 37.5 டிகிரி, ஈரப்பதம் முதல் 18 நாள் 55 முதல் 60 சதவீதம், கடைசி 3 நாள் முட்டையைத் திருப்பாமல் ஈரப்பதத்தை 65-க்கு மேல் ஏற்ற வேண்டும், இதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும். தவறு அதற்கு முன்னாலேயே நடக்கிறது. சித்திரை வெயிலில் அலமாரியில் பத்துப் பன்னிரண்டு நாள் முட்டையைச் சேர்த்துவைத்துவிட்டு மெஷினைத் திட்டுகிறோம். முட்டையை ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், ஈர மணல் மேல் மண்பானையை வைத்து அதற்குள் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். எனக்கு மெஷினோடு இன்னொரு வருத்தமும் உண்டு. எல்லா முட்டையையும் மெஷினிலேயே பொரித்துக்கொண்டு போனால், அடையில் சரியாக உட்காராத பெட்டையும் குஞ்சைக் கொத்துகிற பெட்டையும் நமக்குத் தெரியாமலே பட்டியில் பெருகிவிடும். அதனால் வருடத்துக்கு ஓர் ஈடாவது ஒவ்வொரு பெட்டையையும் அடை உட்கார வைத்துப் பார்க்கிறேன்.

இனி என் கோரிக்கை. அமெரிக்காவில் 1873-ல் கோழி வளர்ப்போர் சங்கம் ஒன்று தொடங்கி, அடுத்த வருடமே ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி அச்சிட்டார்கள், நம் நாட்டு அசில் அந்தப் புத்தகத்தில் 1981-ல் இடம்பெற்றது. இங்கே கர்னாலில் இருக்கும் தேசிய கால்நடை மரபணு வள நிறுவனத்தின் பதிவில் அசிலின் பிறப்பிடமாக ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கிளிமூக்குக்கு உரிய இலக்கணத்தைக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஊர் ஊராக இருக்கும் மூத்த வளர்ப்பாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுத வேண்டும், நடுவர் மாறினால் தீர்ப்பும் மாறுகிற நிலை போக வேண்டும். 100 மதிப்பெண்ணில் மூக்குக்கும் வாலுக்கும் சேர்த்து 40-க்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து, மிச்சம் கண், கால், நெஞ்செலும்பு, நடை, உடம்பின் கட்டு என்று பிரியட்டும். மேசைக்கு வரும் ஒவ்வொரு கோழியின் முன்னாலும் சமதரையில் ஒரு பிடி கம்பைத் தூவி இரண்டு நிமிடம் பாருங்கள். கொத்தித் தின்ன முடியாத கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசு வேண்டாம்.

கண்காட்சி நடத்துகிறவர்கள் கழிச்சல் தடுப்பூசி போட்ட விவரத்தை வாசலிலேயே கேட்க வேண்டும். பல மாவட்டத்துக் கோழிகள் ஒரே பந்தலில் நிற்கும்போது வெள்ளைக்கழிச்சல் நோய் ஒன்றுக்கு இருந்தாலும் போதும், மற்றவற்றுக்கும் தொற்றிவிடும். குஞ்சுக்கு 7-ம் நாள் சொட்டு மருந்தும் 8-வது வாரம் இறக்கையில் ஊசியும் போட அதிகம் செலவில்லை, மாசி பிறக்கும் நேரத்தில் கால்நடைத் துறையே முகாம் போடுகிறது. கண்காட்சிக்குப் போய் வந்த கோழியை மூன்று வாரம் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், இதைச் செய்யாமல் ஒரு தையில் நான் 14 கோழிகளைப் புதைத்தேன்.

இப்போது என் வீட்டில் ஒரு கீரிப்பெட்டை 9 முட்டையோடு அடையில் இருக்கிறாள், இன்றைக்கு 13-ம் நாள். அவளுடைய மூன்று மகன்கள் வெவ்வேறு ஊர்களில் பரிசு வாங்கியிருக்கிறார்கள், அவள் ஒரு பந்தலையும் பார்த்ததில்லை. வரும் பொங்கலுக்குக் கண்காட்சி நடத்துகிறவர்கள் தாய்க்கோழிகளுக்கென்று ஒரு வரிசைக் கூண்டு ஒதுக்கினால், நோட்டோடு அவளைக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கிளிமூக்குக் கோழி வளர்ப்பவன்,
திண்டுக்கல் மாவட்டம்