போட்ட முடிச்சை அவிழ்த்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. தம்பி தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறான். பெரியம்மா வீட்டு விஷயம் நீ நினைத்த மாதிரிதான் முடிந்தது, நேரில் சொல்கிறேன்.

யூடியூபில் நீ போட்ட புது வீடியோவைப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் எழுத்து எவ்வளவோ தேறியிருக்கிறது, முகத்துக்காகச் சொல்லவில்லை. முன்பெல்லாம் வணக்கம் சொல்லி, சேனலை அறிமுகப்படுத்தி, சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லி விஷயத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் போயிருப்பார்கள். இப்போது அப்படி இல்லை. தலைப்பும் தம்ப்நெயில் படமும் எதைக் காட்டி உள்ளே கூப்பிட்டனவோ, அதை முதல் வாக்கியத்திலேயே தொட்டுவிடுகிறாய். போன முறை வந்தபோது சேனல் கணக்கெல்லாம் தெரியும் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து, எத்தனை பேர் எதுவரை பார்க்கிறார்கள் என்கிற ரிட்டென்ஷன் கோட்டைக் காட்டினாயே, முதல் 30 விநாடி தாண்டி எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்று தனியாக ஒரு கணக்கு வருமே, அதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடு சரிந்தால் அங்கே ஆட்கள் கிளம்புகிறார்கள், மேலே எழும்பினால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தாய். என் மகள் இவ்வளவு கற்றிருக்கிறாளே என்று அன்றைக்கு முழுக்கப் பெருமையாக இருந்தது.

நடுப்பகுதியும் நன்றாகவே போகிறது. ஒன்று சொல்லி, 'அப்புறம்' என்று அடுத்ததைச் சொல்லும் பழக்கம் உன்னை விட்டுப் போய்விட்டது. 'ஆனால்', 'அதனால்' என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. கேட்கிறவருக்கு நடுவில் எழுந்து போக மனம் வராது. ஆறாவது நிமிடத்துக்கு மேல்தான் கொஞ்சம் இழுத்திருக்கிறாய். 8 நிமிடத்தைத் தொட்டால் நடுவில் விளம்பரம் வைக்கலாம், 2020 ஜூலை வரை அதற்கே 10 நிமிடம் வேண்டியிருந்தது என்று நீதான் சொன்னாய். அதற்காகச் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்லாதே. பார்க்கிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். ஆறு நிமிட விஷயம் என்றால் ஆறு நிமிடத்தில் முடி. வாடகைக்குப் பணம் போதவில்லை என்றால் என்னிடம் கேள், வீடியோவை நீட்டாதே.

நான் எழுத வந்தது அதுவல்ல. ஆரம்பத்தில் ஒரு முடிச்சுப் போட்டாயே, அதைப் பற்றித்தான்.

"போன மாதம் ஒரு ராத்திரி, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு போன் வந்தது. யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்." இப்படித் தொடங்கினாய். ஆளை இழுத்துப் பிடிக்கிற தொடக்கம், நல்ல ஹூக்தான். அதற்குப் பிறகு தனியாக வேலை செய்கிறவர்கள் நாளை எப்படிப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று பேசினாய், எல்லாம் உபயோகமான விஷயம். கடைசி வந்தது. அடுத்த வீடியோவில் பார்ப்போம் என்று கையசைத்துவிட்டுப் போய்விட்டாய். யார் போன் செய்தார்கள் என்று சொல்லவே இல்லை. ஒருவேளை நான் கவனிக்காமல் விட்டேனோ என்று திரும்பவும் ஓட்டிப் பார்த்தேன். இல்லை.

ஸ்கிரிப்ட்டில் இது தப்பு, அம்மா. 2012-இல் யூடியூப் வெறும் வியூஸை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, எழுதுகிற எல்லோரும் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டார்கள். அவிழ்க்கத்தான் பலருக்கு வருவதில்லை. நம்பிக் கடைசி வரை உட்கார்ந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த தடவை உன் ஹூக்கை அவர் நம்ப மாட்டார். அதனால் கடைசிப் பத்தியை முதலில் எழுது. என்ன கொடுக்கப் போகிறாய் என்பது கையில் இருந்தால் மட்டும் முடிச்சைப் போடு. போட்டால் அவிழ்த்துவிடு.

புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முடித்த வேலையைவிட, பாதியில் நின்றுபோன வேலைதான் மனதில் அதிகம் தங்குகிறது என்றார். உங்கள் தொழிலில் இதை வைத்துத்தான் ஆளைப் பிடித்து உட்கார வைக்கிறீர்கள். அந்நியர் என்றால் ஒரு நாளில் மறந்துவிடுவார். எனக்கு அப்படி முடியவில்லை. அன்றைக்கு உனக்கு வந்த போன் நம் வீட்டிலிருந்து வந்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். யாராக இருந்தாலும் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீ பிஸி என்று தெரியும். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று மெசேஜ் போடுகிறாய், அதுவும் வராமல் போய்விடுகிறது. லட்சம் பேருக்குப் புரிகிற மாதிரி பேசத் தெரிந்த பெண்ணுக்கு வீட்டில் பேச அரை நிமிடம் கிடைக்கவில்லையா? கோபமாக எழுதவில்லை. வீடியோவில் உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, மேக்கப் போட்டும் தெரிகிறது. ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய்? எடிட்டிங்கை வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்றாயே, கொடுத்தாயா? வாரத்துக்கு ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆக்கிக்கொள். உன்னைப் பிடித்தவர்கள் காத்திருப்பார்கள்.

இனி எழுதும் ஸ்கிரிப்ட்டைப் படம்பிடிப்பதற்கு முன்னால் வாய்விட்டுப் படி. எங்கே உனக்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டு. கடைசிப் பத்தியை முதலில் எழுது, மறக்காதே. வேண்டுமானால் எனக்கு அனுப்பு, ஹூக்கில் சொன்னது முடிவில் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அந்த ராத்திரி விஷயத்தை வீடியோவில் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாதே. ஆரம்பத்திலிருந்து அந்த வரிகளை வெட்டிவிடு, அதற்கும் ஸ்டூடியோவிலேயே வழி இருக்கிறதாமே. ஆனால் என்னிடம் சொல். கோர்வையாகச் சொல்ல வேண்டும் என்றில்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி. எந்த நேரமானாலும் போனை எடுப்பேன். அம்மா அந்த வீடியோவை இன்னும் பார்க்கவில்லை. நீ கூப்பிடும்போது அவள் பக்கத்தில் இருந்தால் நான் மாடிக்குப் போய்ப் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா