திரும்பி வருகிறதா என்று பார், மக்களே

குலசேகரம்
ஞாயிறு மத்தியானம்

மக்களே,

ஓணம் லீவுக்கு வந்தபோது மேசை இழுப்பறையில் கை மடங்குவதை அளக்க, கரண்ட் கடத்தும் பிளாஸ்டிக்கில் நீ செய்த கறுநீலப் பட்டை ஒன்றை விட்டுவிட்டுப் போனாயே, அதை நான் எடுத்தேன். கோபப்படாதே. மோட்டாருக்கு வாங்கிய மல்ட்டிமீட்டர் சும்மாதானே கிடக்கிறது. பட்டையை வலது மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனேன். "பிரஷர் பாக்குற சாமானா?" என்று கேட்டாள் அம்மை.

நீ சொன்னது சரிதான். கையை மடக்கினால் மீட்டரில் ஓம், அதாவது மின்தடை, ஏறுகிறது, நிமிர்த்தினால் இறங்குகிறது. ஆனால் நூற்றிருபது மரமும் வெட்டி முடித்துக் கையை நேராக நீட்டிப் பார்த்தால், புறப்படும்போது காட்டிய எண்ணுக்கு அது வரவே இல்லை. மேலேயே நிற்கிறது. வியர்வையா, பட்டை தளர்ந்ததா, உள்ளே பொடி விரிசல் விழுந்ததா, நீதான் சொல்ல வேண்டும்.

ரப்பர்காரனுக்கு இது புதிதில்லை. பாலில் ஆசிட் விட்டு, உறைந்ததை மெஷினில் உருட்டிக் கொடியில் போட்டால், ஷீட் தன் பாரத்திலேயே கொஞ்சம் நீண்டுவிடும். பழைய அளவுக்கு வராது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இழையோடு இழையைக் கட்டினால்தான் இழுத்த பிறகு பழையபடி சுருங்கும். 1839-ல் குட்இயர் கண்டது அதைத்தான். நீளுவதில் என்ன இருக்கிறது, சூயிங்கம்கூட நீளும்.

உன் பிளாஸ்டிக்கில் உள்ளதுபோல் ரப்பரிலும் இரட்டைப் பிணைப்பு உண்டே, பிறகு ஏன் கரண்ட் கடத்தவில்லை என்று அன்றைக்கு ராத்திரி போனில் கேட்டேனே. ரப்பரில் அவை தள்ளித் தள்ளி இருக்கின்றன, ஒற்றையும் இரட்டையும் மாறி மாறித் தொடர்ந்து வந்தால்தான் எலக்ட்ரானுக்கு வழி என்றாய். அப்புறம் அந்த ஜப்பான்காரர் ஷிராகாவாவின் கதை. அவருடைய ஆய்வகத்தில் கேட்டலிஸ்ட்டை ஆயிரம் மடங்கு கூடுதலாகப் போட்டுவிட, வெள்ளிபோல் மின்னும் பிளாஸ்டிக் படலம் கிடைத்தது. பிறகு அந்த வகைப் படலத்தில் அயோடின் ஏற்றி 1977-ல் மின்சாரத்தை ஓடவிட்டார்கள். 2000-ல் அவரையும் சேர்த்து மூன்று பேருக்கு நோபல். இதை ஷீட் எடுக்கிற கடையில் சொன்னேன். "ஆசிட் கூடினா நமக்கு ஷீட்டு கெடும், அவருக்கு நோபலா?" என்றார் ஒருவர். பதில் சொல்லத் தெரியவில்லை.

உன் பட்டைக்கான பெடாட் என்ற அந்தக் கரண்ட் கடத்தும் பிளாஸ்டிக்கும் தண்ணீரில் கலங்கிய நீலப் பால் மாதிரிதான் குப்பியில் வருமாமே. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். வெறுமனே காயவிட்டால் லேசாக இழுத்ததும் விண்டுவிடும், 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் ஷெனான் பாவ் குழுவினர் உப்பு மாதிரிச் சில பொருள்களைச் சேர்த்து, இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்தும் கடத்தும்படி செய்தார்கள் என்றாய். நல்ல வேலைதான். நீ அவர்களோடு நீளத்தில் போட்டி போட வேண்டாம். ஆயிரம் தடவை மடக்கி நிமிர்த்திய பிறகு தொடங்கிய எண்ணுக்கு வருகிறதா என்று முதலில் பார்.

அதையும் ஏசி அறையில் பார்க்காதே. பெடாட்டோடு கலந்திருக்கும் பிஎஸ்எஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஈரத்தை இழுக்கும் என்று நீயே சொன்னாய். வெயில் ஏறினால் பால் குறையும் என்று விடியுமுன் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறோம். பாதித் தோட்டம் தாண்டுமுன் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். அந்தக் கையில் உன் பட்டை நின்றால் எந்தக் கையிலும் நிற்கும். என் தோள்பட்டை நோவு எந்த இழுப்பில் தொடங்குகிறது என்று அது காட்டினால் ஆஸ்பத்திரிச் செலவாவது மிச்சம்.

அடுத்த தடவை இரண்டாக அனுப்பு, ஒன்று முழங்கைக்கு. கொஞ்சம் நீளமாக வெட்டு, என் கை உன் கை மாதிரி இல்லை. ஷீட் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எண்களை எழுதி வைத்திருக்கிறேன், போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இந்த வாரம் மழை, வெட்டு இல்லை. அம்மை ஏத்தங்காய் உப்பேரி வறுத்திருக்கிறாள், நாளைக்குப் பார்சல் போடுகிறேன். பட்டையும் அந்த டப்பாவில்தான் இருக்கும். எண்ணெய் படாமல் இரண்டு பேப்பரில் சுற்றியிருக்கிறேன்.

அப்பா