பாண்ட் அறைச் சாவி: எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் பாடசாலை பாண்ட் அறையைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். ஏழு ட்ரம்பெட்கள் இருந்தன. நான்கில் விரலால் அழுத்தும் வால்வு அசையவே இல்லை. திருகோணமலையின் உப்புக்காற்றில், எண்ணெய் காணாமல் பூட்டிக் கிடந்தால் வேறென்ன ஆகும்? இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை முன்னர் அந்தக் கதவு திறக்கும். போட்டி முடிந்ததும் பூட்டிவிடும். நான் வாசித்த காலத்திலும் இதே வழக்கம்தான். உதடு பழகி வருகிற நேரம் பார்த்து வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இதை இப்போது எழுத வைத்தவன் தரம் 10 மாணவன் ஒருவன். பாலையூற்றிலிருந்து வருகிறான். ட்ரம்பெட் வாங்க வசதியில்லை; நான் கொடுத்த பழைய மவுத்பீஸை (உதட்டில் வைத்து ஊதும் முனையை) மட்டும் வைத்து ஊதிப் பழகுகிறான். ஒருநாள் போனில் அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் அம்ப்ரோஸ் அக்கின்முசிரியின் ஜாஸ் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "சேர், இவர் எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்சவர்?" என்றான்.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். 1982இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்த அக்கின்முசிரி படித்தது பெர்க்லி உயர்நிலைப் பாடசாலையில். அது ஒரு அரசாங்கப் பாடசாலை. அங்கே ஜாஸ் பாண்ட் ஒன்று இயங்கி வந்தது. அவர் மாணவராக இருந்தபோதே சாக்சபோன் கலைஞர் ஸ்டீவ் கோல்மன் அவரது வாசிப்பைக் கேட்டு, பிறகு தன் குழுவில் சேர்த்து ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போனார். 2007இல் தெலோனியஸ் மங்க் சர்வதேச ஜாஸ் போட்டியில் முதலிடம். 2011இல் புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் அவர் இயற்றிய இசையை வெளியிட்டது. கோல்மன் வந்த நாளில் அந்தப் பையனின் கையில் ஒரு ட்ரம்பெட் இருந்ததே, அதை நினைத்துப் பாருங்கள்.

ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் அப்படித்தான். புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 1913இல் நியூ ஓர்லியன்ஸ் சீர்திருத்த இல்லமொன்றுக்கு அனுப்பப்பட்ட சிறுவன் அவர். அங்கே பாண்ட் ஆசிரியர் பீட்டர் டேவிஸ் முதலில் தம்புரீன் என்ற கைத்தாள வாத்தியத்தைத்தான் கொடுத்தார். ட்ரம்பெட் போன்ற கோர்னெட் பிறகுதான் கைக்கு வந்தது. கடைசியில் அந்த பாண்டுக்கே தலைவனாக்கினார். (அதே நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைக் குருக்கள் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் படிப்பித்திருக்கிறார்கள். அந்த ஊர் நமக்கு அவ்வளவு தூரமில்லை.)

ஜாஸ் நமக்கு ஒத்துவராது என்று கூட்டத்தில் யாராவது சொல்லக்கூடும். பத்திரகாளி அம்மன் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து ஆலாபனை செய்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஜாஸின் உயிரும் ஏட்டில் எழுதாததை அந்த இடத்திலேயே கட்டி வாசிப்பதுதான்; அது அவர்களுக்குப் புதுமையல்ல. ட்ரம்பெட்டில் மூன்றே மூன்று வால்வுகள்; மிச்சமெல்லாம் உதடும் மூச்சும். ஆனால் ஒரு கிழமை வாசிக்காமல் விட்டாலே உதடு தளர்ந்துவிடும். வருடத்துக்கு இரண்டு கிழமைப் பழக்கத்தில் கலைஞன் உருவாக மாட்டான்.

கிழமைக்கு மூன்று நாள், பாடசாலை விட்டபின் 4 மணி வரை அறையைத் திறந்து வையுங்கள். வால்வு இறுகிப்போன நான்கையும் திருத்த நான் பொறுப்பு. பித்தளை வாத்தியம் படிப்பிக்க ஒருவருக்கு மாதச் சம்பளம் தேவை. கனடாவிலும் லண்டனிலும் உள்ள நம் ஆட்களிடம் கேட்டால் தருவார்கள். விடுமுறையில் பெற்றோரின் கையெழுத்துடன் பிள்ளைகள் வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு ட்ரம்பெட்டை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
பழைய பாண்ட் மாணவன் ஒருவன்