நொச்சிக்குப்பம் – பட்டினப்பாக்கம் தெருப் பூனைகளுக்குக் கருத்தடை, தடுப்பூசி, குட்டிகளுக்கு வீடு: கோரிக்கை மனு

அனுப்புநர்
நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பகுதிக் குடியிருப்போரும் மீன் வியாபாரிகளும்,
சென்னை.

பெறுநர்
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

வழி: மண்டல அலுவலர், தேனாம்பேட்டை மண்டலம், மாநகரக் கால்நடை அலுவலர்.

பொருள்: தெருப் பூனைகளுக்கு எனத் தனி நாளும் தனிக் கூண்டும் ஒதுக்கிக் கருத்தடை செய்யவும், குட்டிகளைத் தத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். லூப் சாலை மீன் அங்காடியைச் சுற்றிப் பூனைக்கு இரண்டுமே கிடைக்கின்றன. மீன் தலை, குடல், செவுள் என்று தீராத தீனி ஒருபுறம். குட்டி போட மாடிப்படிக்கு அடியிலும் மீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் மறைவிடம் மறுபுறம். பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். குளிர்காலம் என்று ஒன்று இல்லாத ஊரில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று சாதாரணம்.

"பிடித்துக்கொண்டு போய் வேறெங்காவது விடுங்கள்" என்று புகார் மனுக்கள் வருவதை அறிவோம். தயவுசெய்து அதை மட்டும் ஏற்க வேண்டாம். தீனியும் மறைவிடமும் இருக்கும் வரை, காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்துவிடும். கொண்டுபோய் விடப்பட்ட பூனையோ பழைய இடத்தைத் தேடி நடந்து சாலையில் அடிபடும், அல்லது அங்குள்ள கடுவன்களிடம் (ஆண் பூனைகளிடம்) கடிபட்டுச் சாகும். தாயைத் தூக்கிச் சென்றால் மறைவில் இருக்கும் குட்டிகள் பட்டினியில் செத்து நாறுவதுதான் மிச்சம். அப்படி ஓர் உத்தரவு களப்பணியாளர்களிடம் இருக்குமானால் அதை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் முதல் வேண்டுகோள்.

அடுத்தது கருத்தடை. தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டு 1996இல் இனக்கட்டுப்பாட்டுக்கு மாறிய மாநகராட்சி இது. லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாப்பேட்டை, புளியந்தோப்பு மையங்களில் அறுவைச் சிகிச்சை அனுபவம் உண்டு. ஆனால் நாய்க்கான முறையை அப்படியே பூனைக்குப் பொருத்த முடியாது. நாய் வலையில் பூனை நகம் மாட்டிக்கொண்டு திமிறும். பிடிப்பவர் கையும் கிழியும். பூனைக்கு வேண்டியது உள்ளே மிதித்ததும் கதவு விழும் கம்பிக் கூண்டு: 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம் போதும். எங்கள் பகுதிக்குப் பத்துக் கூண்டுகள் இரவல் தந்தால், வைப்பதையும் காவல் இருப்பதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வயிறு நிறைந்த பூனை கூண்டைத் திரும்பியும் பார்க்காது. முந்தைய நாளே தீனியை நிறுத்த வேண்டும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. அங்காடியை ஒட்டிய இடத்தில் இதுதான் கடினம். மீன்பிடித் தடைக்காலம் (ஏப்ரல் 15 – ஜூன் 14) கைகொடுக்கும் என்று தோன்றலாம். அந்தத் தடை விசைப்படகுகளுக்கு. இங்கே ஃபைபர் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். புரட்டாசி மாதமே பொருத்தம். விற்பனை மந்தம், கழிவு குறைவு, வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியிருக்காது. மற்ற மாதங்களில் திங்கள் இரவு கூண்டு வைத்துச் செவ்வாய் காலை மையத்தில் ஒப்படைக்கலாம். மீன் தின்று சலித்த பூனைக்கு மீன் இரை எடுபடாது. வறுத்த கோழித்துண்டு எடுபடும். இரையை மிதிபலகைக்கு அப்பால், கூண்டின் கடைசியில் வைக்க வேண்டும். பூனை மாட்டிய உடனே கூண்டைத் துணியால் மூடினால் அடங்கிவிடும்; மூடாவிட்டால் மூக்கை இடித்து இரத்தக்களரி ஆக்கிக்கொள்ளும். விடிந்த பிறகு தார்ச்சாலையில் கூண்டை விட்டுவைப்பது பூனையை வேகவைப்பதற்குச் சமம்.

பால் சுரக்கும் காம்புகளோடு வரும் பெட்டையை நிறுத்திவைக்கக் கூடாது. குட்டிகளுக்கு ஐந்து, ஆறு வாரம் ஆன பிறகு அதைத் திரும்பப் பிடிக்கலாம். குட்டிகளின் வயது தெரியாவிட்டால் அன்றே விட்டுவிடுவதுதான் சரி.

மையத்தில் பூனைக்குத் தனி அறை வேண்டும். நாய் குரைப்பைக் கேட்டு மிரண்ட பூனை தின்னாது என்பது ஒரு காரணம். நாய்களின் உண்ணிக்கு அடிக்கும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொல்லும் என்பது பெரிய காரணம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலும் அப்படித்தான்; ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். பூனைகளின் பார்வோ எனப்படும் பேன்லுகோபீனியா கிருமி தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரணத் தரை கழுவும் திரவத்துக்கு அசையாது. ஒவ்வொரு பூனை மாறும்போதும் மலமும் உணவும் போகக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 30 மி.லி. ப்ளீச் கலந்த நீரில் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். கழுவாமல் ப்ளீச் மட்டும் ஊற்றுவது வீண்.

மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக இடது காது நுனியை நேராக ஒரு செ.மீ. வெட்டிவிட வேண்டும். நாய்க்குப் போடும் வி வடிவ வெட்டு பூனைக்கு உதவாது: கடுவன் சண்டையில் கிழிந்த காதும் அதே போலிருக்கும், கருத்தடை ஆன பூனையையே மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்க நேரும். கடுவனை 24 மணி நேரமும் பெட்டையை 48 மணி நேரமும் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில், கூண்டு வாய் சாலையைப் பார்க்காதபடி திறந்துவிட வேண்டும்.

தெருவுக்கு இரண்டு எனப் பரவலாகச் செய்வதில் பயனில்லை. ஒரு வளாகத்தில் 30 பூனைகள் இருந்தால் குறைந்தது 21 முடிந்த பிறகே அடுத்த வளாகத்துக்குப் போக வேண்டும். மாதத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை, நாளுக்குப் பத்துப் பூனை என்று ஒதுக்கினாலே அந்த வளாகம் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.

வீடு தேடித் தருவதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மனிதக் கை படாமல் வளர்ந்த பெரிய பூனையை வீட்டுக்குள் அடைப்பது அதற்குச் சிறை. கட்டில் அடியில் பதுங்கியே கிடக்கும். பழக்கக்கூடிய பருவம் இரண்டு முதல் எட்டு வாரம் வரை. நான்கு மாதம் தாண்டினால் பெரும்பாலும் கைகூடாது. எனவே குட்டிகளையும், யாரோ வளர்த்துவிட்டு விட்டுப்போன சாதுவான பூனைகளையும் மட்டுமே தத்துக் கொடுக்க முடியும். எட்டு வாரம் ஆகி, ஒரு கிலோ எடை வந்து, கருத்தடையும் முதல் தடுப்பூசியும் முடிந்த பிறகே கொடுக்க வேண்டும். "பிறகு செய்துகொள்கிறோம்" என்று கொண்டுபோகும் பெட்டைக்குட்டி ஆறே மாதத்தில் நான்கு குட்டிகளோடு தெருவுக்கு வரும். மாடி வீடென்றால் சன்னலுக்கு ஒரு அங்குலக் கம்பி வலை அடித்த படத்தைக் கேட்டு வாங்கலாம். கருப்புக் குட்டிகளைச் சகுனம் சொல்லித் தவிர்ப்பார்கள்; உடன்பிறந்த இன்னொரு குட்டியோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் போய்விடும். மாதம் ஒரு ஞாயிறு சமுதாய நலக்கூடத்தை இதற்குத் தந்தால் போதும்.

தீனி வைப்பதை முழுவதும் தடுத்தால் கூண்டு வைக்க வழியில்லாமல் போகும். ஒழுங்குபடுத்துங்கள்: குறித்த இடம், குறித்த நேரம், அரை மணியில் தட்டை எடுத்துவிடுதல். நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 60 கிராம் உலர்தீவனம் போதும். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் தேய்த்துக் கழுவ வேண்டும். தவறினால் டெங்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் எங்கள் மீது வழக்குப் போடுவதில் நியாயம் உண்டு. அங்காடிக் கழிவுக்கு மூடியுள்ள தொட்டியும் மாலையில் இன்னொரு முறை அகற்றலும் தேவை.

பூனையைப் பட்டினிக்கு ஆளாகும்படி விட்டுச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவின்படி குற்றம் என்ற பலகையை அங்காடி வாசலிலும் குடியிருப்பு நுழைவாயில்களிலும் வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கூண்டுகளைப் பெற்றுக்கொள்ளவும் முதல் செவ்வாய்க்கிழமையைக் குறிக்கவும் மண்டலக் கால்நடை உதவி மருத்துவரைச் சந்திக்க நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிக் குடியிருப்போர், மீன் வியாபாரிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: கூண்டு அளவு வரைபடம், பூனைகள் தங்கும் இடங்களைக் குறித்த தெரு வரைபடம்.