புதிய கணினிக்கு எந்த விரிதாள்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. திரையில் உள்ள சிறிய எண்கள் இப்போது தெளிவாகத் தெரிவதால், உங்கள் கடிதம் வந்த அன்றே கணினி முன் அமர்ந்து, புதிய கணினிக்கு எந்த விரிதாள் மென்பொருள் ஏற்றது என்று நீங்கள் கேட்டதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினேன். பதில் எழுத ஒரு வாரம் ஆனதற்கு அந்தச் சோதனையே காரணம்.

புதிய கணினியில் எக்செல் சின்னம் இருந்தும், ஒரு மாதம் ஆனதும் பணம் கட்டச் சொல்லி அறிவிப்பு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வந்திருப்பது சில நாட்களுக்கு மட்டும் இயங்கும் சோதனைப் பதிப்பாக இருக்க வேண்டும். சில கணினிகளுக்கு முழு உரிமமும் விலையிலேயே சேர்ந்து வருவதுண்டு என்பதால், ரசீதில் ஆபீஸ் (எக்செல் அடங்கிய தொகுப்பு) என்று தனியாக ஏதேனும் குறித்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கணினியில் இருந்த ஆபீஸ் 2010-ஐ இதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தனியாக வாங்கிய பதிப்பு என்றால் வேறு கணினிக்கு மாற்ற உரிமம் இடம் தருகிறது. கணினியோடு சேர்ந்து வந்தது என்றால் அது அந்தக் கணினியோடு முடிந்தது. மாற்ற முடிந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 அக்டோபரோடு நின்றுவிட்டன. பிறர் மின்னஞ்சலில் அனுப்பும் கோப்புகளை அன்றாடம் திறக்கும் உங்களுக்கு அது ஏற்றதன்று.

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், விரிதாளில் நீங்கள் செய்யும் வேலை என்ன என்று பாருங்கள். குடும்பச் செலவுக் கணக்கு, சங்கத்தின் வரவு செலவு, உறுப்பினர் பட்டியல், ஆண்டுக் கூட்டத்துக்கு அச்சிடும் அறிக்கை, இவ்வளவுதான். கூட்டல், சதவீதம், நிபந்தனை பார்க்கும் 'இஃப்', ஒரு பட்டியலில் தேடி இன்னொன்றில் நிரப்பும் 'விலுக்கப்', மாதவாரியாகத் தொகுக்கும் பிவட் டேபிள் ஆகியவற்றுக்கு மேல், கடைசியில் நான் சொல்லும் ஒரு கோப்பைத் தவிர, உங்கள் கோப்புகளில் எதுவும் இல்லை என்பதை, அவற்றுள் பாதியை உங்களோடு அமர்ந்து அமைத்தவன் என்ற முறையில் நான் அறிவேன். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த தொகைகள் எல்லாம் தாமாகவே மாறும் என்ற அடிப்படை, 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாளிலேயே வந்துவிட்டது. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளைத் திறந்து, கருப்புத் திரையில் சம்பளப் பட்டியல் போட்டோமே, அந்த வேலைக்கும் உங்கள் இன்றைய தேவைக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. இதற்காக ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சந்தாவின் மீது எனக்குள்ள அச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் சந்தா கட்டிப் பயன்படுத்தி வந்த ஒரு கணக்கு மென்பொருள், ஆண்டுக் கணக்கை முடிக்கும் வாரத்தில் கைவிட்டது. பணப் பரிமாற்றம் எங்கோ தடைபட்டுச் சந்தா புதுப்பிக்கப்படாமல் போயிற்று. மறுநாள் காலையில் கோப்பு திறந்தது. எண்கள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. ஆனால் ஒரு கட்டத்தில்கூட எதையும் எழுத முடியவில்லை. நான் எழுதிய என் கணக்கைப் பார்க்க மட்டுமே எனக்கு அனுமதி! மூன்று நாட்கள் தாளில் எழுதி வைத்துப் பிறகு ஏற்றினேன். எக்செல்லைச் சந்தாவுக்குத் தரும் மைக்ரோசாஃப்ட் 365 உட்பட, சந்தா முறையில் இயங்கும் பல மென்பொருள்களில், உடனே இல்லாவிட்டாலும் சில நாட்கள் கழித்து, இப்படித்தான் நடக்கும் என்பது அவற்றின் விதிகளிலேயே உள்ளது. வேலைக்கு அன்றாடம் தேவைப்படுகிறவருக்கு அது பெரிய குறையன்று. வாரத்துக்கு ஒருமுறை திறக்கும் நமக்குப் பொருந்தாது.

ஆகவே நான் உங்களுக்குச் சொல்வது லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பு. அதில் உள்ள கால்க் என்ற விரிதாள் உங்கள் வேலை முழுவதற்கும் போதும். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் தொடங்கி, 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கைக்குப் போய், அடுத்த ஆண்டு ஓபன் ஆபீஸ் என்று, யாரும் பார்த்துத் திருத்தும்படி மூல நிரலோடு வெளியான அதே மென்பொருளிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்தது இது. லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளை இதைப் பேணுகிறது. புதிய பதிப்புகள் ஒழுங்காக வருகின்றன. ஓபன் ஆபீஸும் இன்னும் கிடைக்கிறது. பெயர் பழக்கமானதாக இருக்கிறதே என்று அதைப் பதிவிறக்கிவிட வேண்டாம். 2014-இல் வந்த 4.1 வரிசைக்குப் பிறகு அதில் சிறு திருத்தங்களே நடந்துள்ளன. மேலும் அது இன்றைய எக்செல் வடிவக் கோப்பைத் திறக்குமே தவிர, அந்த வடிவில் சேமிக்காது. சங்கத்தின் தணிக்கையாளருக்கு எப்படி அனுப்புவீர்கள்?

இலவசம் என்றால் எங்கோ ஒரு குறை ஒளிந்திருக்கும் என்ற ஐயம் உங்களுக்கு எழும் என்பது தெரியும், ஏனெனில் எனக்கும் எழுந்தது. அதனால்தான் என்னிடம் உள்ள பதினோரு ஆண்டுக் கணக்குக் கோப்புகளையும் ஒவ்வொன்றாக அதில் திறந்து, முன்பே அச்சிட்டு வைத்திருந்த அறிக்கைகளை மடியில் விரித்துக்கொண்டு, கூட்டுத்தொகைகளை ஒப்பிட்டேன். ஒரு பைசாகூட வேறுபடவில்லை. தகராறு வந்த இடம் அச்சில்தான். பதினான்கு நெடுவரிசைகள் கொண்ட பட்டியலில் கடைசி நெடுவரிசையான 'கையொப்பம்' மட்டும் தனியே இரண்டாவது தாளுக்குப் போய்விட்டது. பழைய கணினியில் இருந்த தமிழ் எழுத்துரு புதியதில் இல்லாததால், வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து, வரிசைகளின் உயரமும் நெடுவரிசைகளின் அகலமும் சற்றே கூடியிருந்தன. 'ஃபார்மட்' பட்டியலில் 'பேஜ் ஸ்டைல்' என்பதைத் திறந்து, 'ஷீட்' பகுதியில் அச்சை அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருத்தும் முறையைத் தேர்ந்து, அகலம் ஒரு பக்கம் என்று கொடுத்து, உயரத்தைக் காலியாக விட்டேன். கையொப்பம் தன் இடத்துக்குத் திரும்பியது. உங்கள் பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்புகளையும் மறவாமல் எடுத்து வையுங்கள்.

நிறுவியதும் ஓர் அமைப்பை மாற்றிவிடுங்கள். கால்க் தன் சொந்த வடிவமான ஓடிஎஸ்-இல் சேமிக்கவே விரும்பும். அது ஒன்றும் தாழ்ந்த வடிவமன்று; 2006-லேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டு அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் நீங்கள் கோப்பை அனுப்பும் மனிதர்கள் எக்செல் வைத்திருப்பவர்கள். 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லோட்/சேவ்' என்ற வரிசையில் சென்று, விரிதாள்களை எப்போதும் எக்செல் வடிவில் சேமிக்கும்படி வைத்துவிட்டால் அவர்களுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. உங்களுக்கு மட்டும் உரிய குடும்பக் கணக்கை ஓடிஎஸ்-இலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளிகளால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். முன்பு வேறொரு மென்பொருளில் அத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து, நூற்றுக்கணக்கான தொலைபேசி எண்களின் தொடக்கத்தில் இருந்த பூஜ்யம் மறைந்துபோனதைக் கவனிக்காமல் சேமித்து, ஒரு நாள் முழுவதும் வருந்தியிருக்கிறேன். கால்க் அப்படி உடனே திறந்துவிடாமல், முதலில் ஒரு சாளரத்தைக் காட்டிக் கேட்கிறது. எழுத்துக் குறியாக்கம் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வரும். கீழே தெரியும் முன்காட்சியில் எண்கள் உள்ள நெடுவரிசையைச் சொடுக்கி அதன் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பூஜ்யம் அப்படியே நிற்கும்.

இதற்கும் எல்லை உண்டு. எக்செல்லில் எழுதிய மேக்ரோக்கள், அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள், எல்லாம் கால்க்கில் ஓடும் என்று நம்பக்கூடாது. எளியவை ஓடும், சிக்கலானவை நின்றுவிடும். பிற இடங்களிலிருந்து தரவைத் தானாக இழுத்து வரும் பவர் குவெரி என்ற எக்செல் வசதி இதில் இல்லை. அதைப் பயன்படுத்தும் கோப்புகள் உங்களிடம் இருந்தால் எக்செல்லே வேண்டும். அப்போதும் சந்தாதான் ஒரே வழி என்று நினைக்க வேண்டாம்; ஆபீஸ் 2024-ஐ ஒருமுறை மட்டும் விலை கொடுத்து வாங்கி ஒரு கணினியில் வைத்துக்கொள்ளலாம். புதிய வசதிகள் பின்னர் சேராது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரை வரும்.

கூகுள் ஷீட்ஸையும், உலாவியில் இலவசமாகக் கிடைக்கும் எக்செல்லையும் நான் ஒதுக்கவில்லை. சங்கத்தின் பொருளாளரும் நீங்களும் ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் திருத்த வேண்டிய நாட்களில் அவற்றைப் போல வசதியானவை வேறில்லை. ஆயினும் கணக்கின் மூலப் பிரதி அங்கு மட்டும் இருப்பதை நான் விரும்புவதில்லை. மாதக் கடைசியில் ஒரு பிரதியை உங்கள் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகன் மிகக் குறைந்த விலைக்கு ஆபீஸுக்கு ஓர் உரிம எண் வாங்கித் தருவதாகச் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கவலை உண்டாயிற்று. அவ்வளவு மலிவாக விற்கப்படும் எண்களுள் பல, பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாக வழங்கப்பட்டு அங்கிருந்து வெளியே கசிந்தவை. எந்த நாளிலும் முடக்கப்படலாம். உரிமமே இன்றித் திறந்துவிடும் சிறு நிரல்கள் அதைவிடக் கேடு, ஏனெனில் அவற்றை ஓட்டுவதற்கு வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். பிறருடைய பணக் கணக்கும் தொலைபேசி எண்களும் இருக்கும் கணினியில் அதைச் செய்யவே கூடாது. அவர் அன்பினால் சொல்கிறார், மென்மையாகவே மறுத்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். செயலிக் கடைகளில் அதற்குச் சிறு கட்டணம் கேட்பார்கள். அது மோசடியன்று, ஆனால் கட்டாயமும் அன்று.

பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாமல் இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள். பொத்தானை அழுத்தினால் சங்க உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தா ரசீதுகள் வரிசையாக அச்சாகும் கோப்பு ஒன்று உங்களிடம் இருந்ததே, அதில் மேக்ரோ இருக்கிறது. உங்கள் கோப்புகளில் எனக்கு ஐயம் உள்ளது அது ஒன்றில் மட்டும்தான். உறுப்பினர்களின் பெயர்களை நீக்கிவிட்டு அதை எனக்கு அனுப்புங்கள். கால்க்கில் ஓடுகிறதா என்று பார்க்கிறேன். ஓடாவிட்டால், நாம் இருவரும் ஒரு மாலைப்பொழுது தொலைபேசியில் அமர்ந்து மேக்ரோ இல்லாமலே அதை அமைத்துவிடலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய மேசைத் தோழன்